வயிற்றில் இருப்பதை அவர் அறிவார்



 

இந்த மாதச் செய்தி விசேஷமாக வயிற்றில் பிள்ளையைச் சுமந்துகொண்டிருக்கிற நம் சகோதரிகளுக்கு உரியது. ஆனால் அவர்கள் மட்டும் வாசித்தால் போதாது. புருஷன் வாசிக்கவேண்டும், மாமியார் வாசிக்கவேண்டும், சபை மூப்பர்களும் வாசிக்கவேண்டும். பிள்ளை ஒருத்தியின் வயிற்றில்தான் வளருகிறது. அவளுடைய பயமோ வீட்டில் உள்ள அத்தனை பேர் வாயிலிருந்தும் வளருகிறது.

ஜெபத்துக்கு வருகிற கர்ப்பவதியிடம், "என்னம்மா ஜெபக்குறிப்பு?" என்று கேட்டால், "சுகப்பிரசவம் ஆகணுங்க ஐயா" என்பாள். சற்றுப் பொறுத்திருந்தால் இரண்டாவது குறிப்பு வரும். "ஏற்கனவே ரெண்டும் பொண்ணுங்க ஐயா. இந்தத் தடவையாச்சும்..." அதற்குமேல் பேச்சு வராது, கண்ணீர்தான் வரும். ராசிபுரமானாலும், எடப்பாடியானாலும், ஓமலூரானாலும், பரமத்தி வேலூரானாலும் இந்த இரண்டாவது குறிப்பு இல்லாத ஊர் இல்லை. பிரசவ வலிக்குப் பயப்படுகிறதைவிட, பிரசவம் முடிந்ததும் நர்ஸம்மா சொல்லப்போகும் ஒரு வார்த்தைக்கு அதிகமாய்ப் பயப்படுகிறவர்கள் நம் நடுவிலே இருக்கிறார்கள். இந்தப் பயத்தைக் குறித்துத்தான் கர்த்தர் இன்று நம்மோடு பேச விரும்புகிறார்.

1. இந்த மண்ணின் கண்ணீர்

1992-ம் வருஷம் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. எந்த ஊரில் தெரியுமா? நம்முடைய சேலம் மாவட்டத்தில்தான். நாமக்கல் 1997-ல்தான் தனி மாவட்டமானது. அன்றைக்கு அதுவும் சேலத்தோடு சேர்ந்தே இருந்தது. "பெண் குழந்தை வேண்டாம் என்றால் கொன்றுவிடாதீர்கள், இந்தத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள், அரசு வளர்க்கும்" என்று ஒரு சர்க்கார் கெஞ்சவேண்டிய நிலைமை இந்த மண்ணில் இருந்தது. கள்ளிப்பால் எதற்கு உபயோகப்பட்டது என்று நம் பாட்டிமாருக்குத் தெரியும். யாரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள், ஆனால் தெரியும்.

பிறகு ஸ்கேன் வந்தது. வெளியே நடந்தது வயிற்றுக்குள்ளேயே நடக்க ஆரம்பித்தது. கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லக்கூடாது என்று 1994-ல் சட்டம் இயற்றப்பட்டு, 1996-ல் அமலுக்கு வந்தது. அப்படியும் 2001 ஜனத்தொகைக் கணக்கில், சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள ஆண் பிள்ளைகள் 1000 பேருக்குப் பெண் பிள்ளைகள் 851 பேர்தான் இருந்தார்கள். தமிழ்நாடு முழுவதற்கும் கணக்கு 942. 2011-ல் சேலத்தின் எண்ணிக்கை 900-ஐத் தாண்டியது. அதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனாலும் பிறந்திருக்கவேண்டிய, வளர்ந்திருக்கவேண்டிய எத்தனையோ பிள்ளைகள் இன்னும் அந்தக் கணக்கில் இல்லை.

சேலம் வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன ஊர். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகளில் செய்த கொலுசு எங்கெங்கேயோ உள்ள பெண் பிள்ளைகளின் காலில் சத்தமிடுகிறது. நாம் நகை அணியாதவர்களாய் இருந்தாலும் அந்தச் சத்தம் நமக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் கொலுசு செய்து கொடுத்த மண், தன் வீட்டில் அந்தச் சத்தம் கேட்கப் பயந்ததே! இது எவ்வளவு பெரிய துக்கம்!

"இதெல்லாம் வெளியில நடக்கிறது ஐயா, நாம விசுவாசிகள்" என்று சொல்லிவிடவேண்டாம். நாம் அந்தப் பாவத்தைச் செய்யாமல் இருக்கலாம். அந்தப் பாவத்துக்கு வேராயிருக்கிற எண்ணம் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறதா இல்லையா? மருமகளைப் பார்த்து, "பொட்டப் புள்ளையா பெத்துப் போடறா" என்கிற மாமியாரே, ஒன்று கேளுங்கள். ஆணா பெண்ணா என்று நிர்ணயிக்கிற அணு தகப்பனிடமிருந்து வருகிறது என்று பள்ளிக்கூடப் பாடமே சொல்லுகிறது. அப்படியிருக்க, அந்தப் பெண்ணைக் குற்றப்படுத்த உங்களுக்கு என்ன நியாயம்?

2. பார்வோனுக்குப் பயப்படாதவர்கள்

யாத்திராகமம் முதல் இரண்டு அதிகாரங்களைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பிரசவ நேரத்தில் ஆண் பிள்ளையானால் கொன்றுபோடவும், பெண் பிள்ளையானால் விட்டுவிடவும் பார்வோன் கட்டளையிட்டான். நம் மண்ணில் சத்துரு அந்தக் கட்டளையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டான். கட்டளை திரும்பினாலும் கட்டளையிட்ட ஆவி ஒன்றுதான். பிள்ளைகளை அழிக்கிற ஆவி அது.

அந்தக் கட்டளையை மீறினவர்கள் யார்? சிப்பிராள், பூவாள் என்ற இரண்டு மருத்துவச்சிகள். ராஜாவின் பேரை வேதம் அங்கே சொல்லவில்லை. இந்த இரண்டு பெண்களின் பேரைச் சொல்லுகிறது! ராஜாவுக்குப் பயப்படாமல் தேவனுக்குப் பயந்ததினால், அவர்களுடைய குடும்பங்களையும் தேவன் தழைக்கச் செய்தார்.

அடுத்து மோசேயின் பிறப்பைப் பாருங்கள். பெட்டி செய்து, தார் பூசி, நாணலுக்குள் வைத்தவள் ஒரு தாய். தூரத்தில் நின்று கண்காணித்தவள் ஒரு அக்காள். தண்ணீரிலிருந்து எடுத்தவள் பார்வோனுடைய சொந்த மகள். இஸ்ரவேலை மீட்கப்போகிறவனைக் காப்பாற்றத் தேவன் உபயோகித்தது மூன்று பெண்களை! அந்த அக்காள் பிறந்த அன்றைக்கு, "ஐயோ, பொண்ணா?" என்று அந்த வீட்டில் யாராவது முகம் சுளித்திருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பாருங்கள். பின்னாட்களில் செங்கடல் கரையிலே தம்புரை எடுத்துப் பாடின தீர்க்கதரிசி மிரியாம் அவள்தான்.

3. கொல்லிமலையில் ஒரு கைக்குழந்தை

இது வேதத்தில் மட்டும் நடந்தது அல்ல. நாமக்கல்லிலிருந்து பார்த்தால் தெரிகிற கொல்லிமலையிலும் நடந்தது. 1913-ல் ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்ற மிஷனெரி தம்பதிகள் மணமான கையோடு அந்த மலைக்குப் போனார்கள். மலேரியா நிறைந்த மலை. வைத்தியம் செய்தார்கள், சுவிசேஷம் சொன்னார்கள். வருஷங்கள் ஓடியும் யாரும் இரட்சிக்கப்படவில்லை. மலைப் பூசாரி ஜனங்களைத் தடுத்துக்கொண்டே இருந்தார்.

1918-ல் உலகமெங்கும் பரவின விஷக்காய்ச்சல் மலைக்கும் வந்தது. சாவுக்குப் பயந்து சொந்த ஜனங்களே நோயாளிகளை விட்டு ஓடினபோது, இந்தத் தம்பதிகள் கஞ்சி காய்ச்சி வீடு வீடாகக் கொண்டுபோய் ஊற்றினார்கள். எதிர்த்து நின்ற பூசாரியும் படுக்கையில் விழுந்தார். மரணத் தறுவாயில் அவர் தன் பிள்ளைகளை அந்த மிஷனெரிகளின் கையில் ஒப்புக்கொடுத்தார். அதில் ஒன்று பெண் கைக்குழந்தை. அவளுக்கு ரூத் என்று பேர் வைத்துத் தங்கள் பிள்ளையாக வளர்த்தார்கள். வேறொருவர் பெற்ற பிள்ளையை இவர்கள் அணைத்துக்கொண்டதைப் பார்த்த பிறகுதான், அந்த மலையில் இருதயங்கள் சுவிசேஷத்துக்குத் திறக்க ஆரம்பித்தன.

ஜெஸ்ஸி ஐயா 1929-ல் காய்ச்சலில் மரித்தார். எவலின் அம்மா வயதாகியும் மலையை விடவில்லை. மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் திரும்பி வந்து ஊழியம் செய்து, 1974-ல் 95-வது வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். பிரசங்கத்துக்குத் திறக்காத மலை, ஒரு குழந்தையை ஏற்றுக்கொண்ட அன்புக்குத் திறந்தது. தேவ பிள்ளையே, உன் வயிற்றிலிருக்கிற பிள்ளையை நீ எப்படி ஏற்றுக்கொள்ளுகிறாய் என்று உன் தெருவும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

4. அன்னாள் ஆண் பிள்ளை கேட்டாளே?

"ஐயா, அன்னாள் ஆண் பிள்ளைதானே கேட்டாள்? நாங்க கேட்டா தப்பா?" என்று ஒரு சகோதரி கேட்கலாம். நல்ல கேள்வி. கேட்பது பாவம் அல்ல. மனதில் உள்ளதைத் தகப்பனிடத்தில் சொல்லாமல் யாரிடத்தில் சொல்லுவோம்? ஆனால் 1 சாமுவேல் முதல் அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள். அன்னாள் கேட்ட மகனை வீட்டில் வைத்துக்கொள்ளக் கேட்கவில்லை. சொத்துக்கு வாரிசாகவோ, வயதான காலத்தில் கஞ்சி ஊற்றவோ கேட்கவில்லை. பால் மறந்ததும் ஆலயத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டாள். பெறுவதற்கு முன்பே கொடுத்துவிட்டாள்.

இன்னொன்றைக் கவனியுங்கள். அந்தக் கதை அதோடு முடியவில்லை. கர்த்தர் அன்னாளைக் கடாட்சித்ததினால் பிற்பாடு மூன்று குமாரர்களும் இரண்டு குமாரத்திகளும் பிறந்தார்கள் (1 சாமு. 2:21). அந்த இரண்டு பெண் பிள்ளைகளும் கர்த்தருடைய கடாட்சத்தின் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய சத்தியம் 18-ம் வசனத்தில் இருக்கிறது. அன்னாள் ஜெபம் முடித்து எழுந்தாள், போய்ச் சாப்பிட்டாள், அதற்குப் பிறகு அவள் முகம் வாடியிருக்கவில்லை. இது எப்போது? அவள் கர்ப்பமாகிறதற்கு முன்னே! பிள்ளை பிறக்கவில்லை, கருவே உண்டாகவில்லை. ஆனால் முகம் தெளிந்துவிட்டது. இதற்குப் பேர்தான் விசுவாசம். பதில் கையில் வந்த பிறகு சந்தோஷப்பட யாராலும் கூடும். கேட்டதைக் கர்த்தருடைய கையில் வைத்துவிட்டு, அவர் எதைக் கொடுத்தாலும் அது நன்மையாகவே இருக்கும் என்று நிம்மதியாய்ச் சாப்பிட உட்காருகிறவளே விசுவாசி.

ஊழியக்காரர்களுக்கும் அன்போடு ஒரு வார்த்தை. ஏலி அந்த ஸ்திரீயைச் சமாதானமாய்ப் போகச் சொன்னான், அவள் கேட்டதைத் தேவன் தரவேண்டும் என்று வாழ்த்தினான். அவ்வளவுதான். "ஆண் குழந்தை, ஆண் சிங்கம்!" என்று முழங்கவில்லை. இன்றைக்குச் சிலர் கர்ப்பவதியின் தலையில் கை வைத்து, கர்த்தர் சொல்லாததைக் கர்த்தர் சொன்னதாகச் சொல்லிவிடுகிறார்கள். வீடே ஆரவாரிக்கிறது. அப்புறம் பெண் குழந்தை பிறக்கிறது. அன்றைக்கு அந்தத் தாய் என்ன பாடுபடுவாள்? "உன் விசுவாசக் குறைச்சல்தான்" என்று அவள் மேலேயே பழி விழுகிறதே! உபாகமம் 18:22 எல்லாத் தீர்க்கதரிசனத்துக்கும் தேவன் வைத்த தராசு. மனோவாவின் மனைவிக்கும், சகரியாவுக்கும், மரியாளுக்கும் கர்த்தர் தூதனை அனுப்பிச் சொன்னார், உண்மைதான். அங்கே அந்தப் பிள்ளை செய்யப்போகிற ஊழியத்தையும் சேர்த்தே சொன்னார். வீட்டாரின் ஆசைக்கு ஏற்றபடி பேசுகிறது தீர்க்கதரிசனம் அல்ல. ஸ்கேன் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லுவது சட்டப்படி குற்றம். ஆவியானவர் பேரைச் சொல்லி இல்லாததைச் சொல்லுவது தேவ சமூகத்தில் அதைவிடப் பெரிய குற்றம்.

5. விசுவாசமும் ஆஸ்பத்திரியும்

"கர்த்தர் பார்த்துக்குவாருங்க, ஆஸ்பத்திரி எதுக்கு?" என்று சொல்லுகிறவர்களும் உண்டு. 1890-களில் திண்டிவனத்தில் நடந்ததைக் கேளுங்கள். மிஷனெரி டாக்டர் ஒருவரின் மகள் ஐடா ஸ்கடர். ஒரே இரவில் ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்து அவளுடைய வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூவருடைய மனைவிகளும் பிரசவ வேதனையில் தவித்துக்கொண்டிருந்தார்கள். "ஆண் டாக்டர் வரக்கூடாது, நீங்க வாங்கம்மா" என்றார்கள். அவளோ மருத்துவம் படிக்காதவள், போக முடியவில்லை. பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் மரித்திருந்தார்கள். அந்தச் சாவுமணியில் ஐடா தேவனுடைய அழைப்பைக் கேட்டாள். அமெரிக்காவுக்குப் போய் டாக்டருக்குப் படித்து, 1900-ல் திரும்பி வந்து, 1918-ல் வேலூரில் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளியைத் தொடங்கினாள். இன்றைக்கு உலகமே அறிந்த வேலூர் சி.எம்.சி. அப்படி வளர்ந்ததுதான். ஒரு மகளை எழுப்பி எத்தனை ஆயிரம் தாய்மார்களைக் கர்த்தர் காப்பாற்றினார்! அல்லேலூயா!

ஆகவே அருமைச் சகோதரியே, எண்ணெய் பூசி ஜெபித்துக்கொள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேரையும் பதிந்துகொள். இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிடு. அதைப் பரண்மேல் போட்டுவைப்பது விசுவாசம் ஆகாது. தடுப்பூசி நாளை மறக்காதே. வயிற்றுப் பிள்ளையோடு உபவாசம் இருக்காதே. உனக்காகச் சபை உபவாசிக்கட்டும், நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. உதிரம் படுதல், தாங்கமுடியாத தலைவலி, கண் மங்குதல், முகமும் கையும் வீங்குதல், வலிப்பு, நேரத்துக்கு முன்பே பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல் - இதில் ஒன்று கண்டாலும் ஜெபக்கூட்டம் முடியட்டும் என்று காத்திராதே. வீட்டார் உடனே 108-க்குப் போன் பண்ணட்டும். ஆம்புலன்ஸ் வருகிற சத்தத்திலும் கர்த்தருடைய பதில் உண்டு. பவுலோடு கடைசிவரை நின்ற லூக்காவும் ஒரு வைத்தியன்தானே (கொலோ. 4:14).

6. கை வெறுமையானவர்களுக்கு

இதை வாசிக்கிறவர்களில் கருக்கலைந்து போனவர்களும், பெற்ற பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தவர்களும் இருப்பீர்கள். "விசுவாசம் பத்தல, அதான் போயிடுச்சு" என்று உங்களிடத்தில் யாராவது சொல்லியிருந்தால், அதை மனதை விட்டு எறிந்துவிடுங்கள். பிள்ளை மரித்தபின் தாவீது எழுந்து, குளித்து, தேவ சமூகத்தில் பணிந்துகொண்டான். பிள்ளை தன்னிடத்தில் திரும்பாது, தானே ஒருநாள் பிள்ளையிடம் போவான் என்று அறிந்திருந்தான் (2 சாமு. 12:20-23). அவன் நம்பிக்கை மறுமையில் இருந்தது. உங்கள் பிள்ளை கர்த்தருடைய மடியில் இருக்கிறது. சங்கீதம் 139:13-16-ஐ மெதுவாக வாசியுங்கள். உருவம் உண்டாகுமுன்பே பார்த்த கண்கள் அவருடையவை. யாரும் பேர் வைக்காத பிள்ளையையும் அவர் அறிவார்.

7. சபையே, உன் பங்கு என்ன?

கர்ப்பவதி மரியாள் ஏறக்குறைய மூன்று மாதம் எலிசபெத்தின் வீட்டில் தங்கினாள் (லூக். 1:56). ஒருத்திக்கு ஒருத்தி துணை. நம் சபையில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு இல்லாதவள் யார்? புருஷன் லாரியில் வடக்கே போயிருக்க, விசைத்தறிச் சத்தத்தில் தனியே கிடக்கிறவள் யார்? செக்கப்புக்கு அவளோடு கூடப் போங்கள். ஒரு வேளை சோறு கொண்டுபோங்கள்.

பையன் பிறந்தால் ஸ்வீட் பெட்டியும் சாட்சியும், பெண் பிறந்தால் கடைசி பெஞ்சும் மௌனமும் - இந்த வழக்கம் நம் ஆராதனையில் வேண்டாம். இரண்டுக்கும் ஒரே ஸ்தோத்திரம், ஒரே பிரதிஷ்டை ஆராதனை. பயத்தின் வேரையும் பிடுங்குங்கள். பெண் பிள்ளை என்றால் தகப்பன் ஏன் நடுங்குகிறான்? "எத்தனை பவுன் போடுவீங்க?" என்று இருபத்தைந்து வருஷம் கழித்து ஒருவர் கேட்பார் என்பதற்காகத்தானே! கேட்கிறவர் விசுவாசியாக இருக்கலாமா? உங்கள் மகனுக்கு வரதட்சணை கேட்டுக்கொண்டு, அடுத்தவன் மகளுக்காக ஜெபிக்க எந்த வாயைத் திறப்பீர்கள்? கேட்கிற வாய் மூடட்டும், தகப்பன்மாரின் நடுக்கம் தானாய்ப் போகும்.

நாம் பெந்தெகொஸ்தே ஜனங்கள். மேல்வீட்டறையில் ஆவியானவர் இறங்கினபோது பேதுரு எழுந்து யோவேலின் தீர்க்கதரிசனத்தைச் சொன்னான். அதில் குமாரர் மட்டுமா இருக்கிறார்கள்? குமாரத்திகளும் இருக்கிறார்கள் (அப். 2:17)! பிலிப்பு என்ற சுவிசேஷகனுக்கு இருந்தது நான்கு பெண் பிள்ளைகள், நான்கு பேரும் தீர்க்கதரிசனம் சொல்லுகிறவர்கள் (அப். 21:9). "ஐயோ, நாலும் பொண்ணா?" என்று ஊர் கேட்டிருக்கலாம். ஆவியானவர் அந்த வீட்டை நிரப்பினார். எழுப்புதல் வேண்டும் என்று இரவெல்லாம் அழுகிற நாம், அந்த எழுப்புதலுக்கு வேண்டிய பாதிப் பேர் பிறக்கும்போது முகம் வாடலாமா? மகளை வேண்டாம் என்கிறவன் பின்மாரியில் பாதியை வேண்டாம் என்கிறான்.

இதை வாசிக்கிற கர்ப்பவதியே, இப்போதே உன் கையை வயிற்றின் மேல் வைத்து இப்படி ஜெபி:

"அன்பின் தகப்பனே, இந்தப் பிள்ளை யார் என்று எனக்குத் தெரியாது, உமக்குத் தெரியும். மகனானாலும் ஸ்தோத்திரம், மகளானாலும் ஸ்தோத்திரம். உம்முடைய கையிலிருந்து வாங்கி உம்முடைய கையிலேயே வைக்கிறேன். பயத்தை எடுத்துப்போடும். அன்னாளுக்குக் கொடுத்த தெளிந்த முகத்தை எனக்கும் இன்றைக்கே தாரும். என் வீட்டாரின் வாயில் ஆசீர்வாதத்தை வையும். என்னைப் பார்க்கிற டாக்டரம்மாவின் கைகளையும் நர்ஸம்மாவின் கைகளையும் நடத்தும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறேன் பிதாவே. ஆமென்."

கர்த்தர் தாமே உங்களையும், உங்கள் மடியில் வரப்போகிற பிள்ளையையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. மாரநாதா!

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரன்